எட்டாமவரின் திதி

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் அருமைராசாவின் வீட்டுச் சுவரில், 2011 மார்ச்சில், யாரும் மாட்டாத ஒரு படம் வந்து தொங்கியது. அதே கிழமை ஹீட்டரும் பழுதாகிக் கிடந்ததால் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்க வீட்டில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்தச் சுவரில் ஏற்கெனவே ஏழு படங்கள் இருந்தன: அம்மா, அப்பா, தம்பி, இரண்டு தங்கைகள், சித்தப்பா, சித்தி. தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்புப் பக்கத்து ஊரொன்றில் ஆமிக்காரர் நுழைந்த ஒரே காலையில் ஏழு பேரும் கொல்லப்பட்டார்கள். வாய்க்கால் மதகுக்குள் கிடந்த அருமைராசா மட்டும் மிஞ்சினார். எட்டாவது படத்தில் இருந்தவர் நடுவயதுக்காரர். அவருடைய ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை அப்பியிருந்தது.

மனைவி செல்வமலர் யாழ்ப்பாணத்துக்காரி; புருஷன் வீட்டு மனிதர் எவரையும் உயிரோடு கண்டதில்லை. யாரோ தூரத்துச் சொந்தம், இவர்தான் வாய் திறக்காமல் மாட்டிவைத்திருக்கிறார் என்று தானே முடிவுகட்டி, ஈரத்துணியால் அந்தக் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தாள். நுரை போகவில்லை. பூஞ்சணமாக்கும் என்று விட்டுவிட்டு, சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போட்டாள். பேக்கரி வேலை முடிந்து வந்த அருமைராசா, மாலையைக் கண்டு சப்பாத்தோடு அப்படியே நின்றார். அவருக்கு ஆளைத் தெரியும்.

ஏழு பேரையும் புதைத்த பதினோராம் நாள் அவர் இயக்கத்துக்குப் போனார். யாரும் இழுத்துப் போகவில்லை. அடுத்த வருடம் எல்லைப்புறச் சிங்களக் குடியேற்றம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். உன் வீட்டாரைக் கொன்றவர்கள் அங்கேயிருந்துதான் வந்தார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கிணற்றடியில் சாரத்தோடு ஒரு மனிதர் முகம் வழித்துக்கொண்டிருந்தார். துவக்கைக் கண்டு அவர் ஓடவில்லை. கொஞ்சம் பொறு என்பதுபோல் கையை உயர்த்தினார். அருமைராசா பொறுக்கவில்லை. பிறகு வீடு முழுக்கத் தேடியும் ஓர் ஆயுதமும் அகப்படவில்லை. ஆறு மாதத்தில் இயக்கத்தை விட்டு ஓடி, எங்கெங்கோ அலைந்து கனடா வந்து சேர்ந்தார்.

படத்தை மூன்று தரம் குப்பையில் போட்டார். மூன்று தரமும் குப்பை லொறி போன கையோடு அது சுவருக்குத் திரும்பிவிட்டது.

திவச விஷயத்தில் செல்வமலர் கண்டிப்பானவள். ஏழு பேருக்கும் ஒரே திதி, ஏழு இலை. எட்டாமவரின் திதியையும் வருடாவருடம் கேட்டாள். தெரியாது என்று பதின்மூன்று வருடம் சொன்னார். தெரியாமலா? நாள், கிழமை, வெயில் ஏறிய நேரம் எல்லாம் தெரியும். அம்மாவுக்குப் படைக்கும் கையால் இவருக்கும் படைத்தால் அம்மாவை இன்னொரு தரம் கொன்றதாகாதா? படைக்காமல் விட்டால் தானும் அந்த ஆமிக்காரரும் ஒன்றென்று ஆகிவிடாதா? இதற்கு நடுவில் மனுஷன் நரைத்துப்போனார், பாவம்.

பதினான்காம் வருடம் அவள் கேட்கவில்லை. எட்டு இலை வாங்கி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, மாமியின்ரை திதியிலையே இவருக்கும் படைக்கிறன். இவரும் அவையோடை ஒண்டாத்தான் செத்திருப்பார்."

அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"வேணாம் மலர். அவர் அண்டைக்குச் சாகல்ல. அடுத்த வருசம், மாசி பதினேழு. நான்தான் சுட்டன்."

அன்றே அவள் மாலையைக் கழற்றினாள். ஐந்தாம் நாள் திரும்பப் போட்டாள். பஞ்சாங்கம் பார்த்துத் திதியைக் கணித்துக் கலண்டரில் குறித்துக்கொண்டாள். மாசியில் அந்த நாள் வந்தபோது சமைத்து இலையை விரித்து, "நீங்களே படையுங்கோ" என்றாள். அவர் சோற்றை வைத்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

"பேர் தெரியாது மலர்."

அவளே படத்துக்கு முன்னால் குனிந்தாள். "அண்ணை, எங்களுக்கு உங்கடை பேர் தெரியாது. குறை நினையாமல் சாப்பிடுங்கோ."

அருமைராசா குமுறிக் குமுறி அழுதார். படம் போகவில்லை. யூலை முதலாம் திகதி, வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து நகரமே வீடு மாறும் நாளில், அவர்களும் மாறினார்கள். புது வீட்டுச் சுவரில் அருமைராசா எட்டு ஆணி அடித்தார்.