இடப்பக்கத்துச் செய்தியும் வலப்பக்கத்து விதியும்

அக்குறணையைச் சேர்ந்த தாஸிம் பத்திரிகையை எப்போதும் பின்பக்கத்திலிருந்தே வாசிப்பான். வர்த்தகப் பக்கந்தான் அவனுக்கு முதற்பக்கம். சென்ற டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் முடி துறந்த செய்தியைக் கூட, அன்றைய இறப்பர் விலை இன்னதென்று அறிந்த பின்னரே அவன் வாசித்தான். எந்த விலையைச் சொன்னாலும் அது எந்நாளைய விலை என்பதையும் சேர்த்துச் சொல்வான். பென்சில் பெட்டிக்குள் ஒரு சிறு கத்தரிக்கோல் வைத்திருந்தான்; தைலப் புட்டி ஒன்றைக் கழுவி, அதில் கோதுமைப் பசை நிரப்பிக் கூடவே கொண்டு திரிவான்.

கத்தரிக்கோலுக்கும் பசைக்கும் காரணம் இருந்தது. கண்டியிலுள்ள கல்லூரி ஒன்றில், இலண்டன் இன்டர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மேல் வகுப்பில் அவன் பொருளியல் பயின்றான். அப்பாடத்தைக் கற்பித்தவர் யாழ்ப்பாணத்தவரான சண்முகநாதன். கொப்பியின் இடப்பக்கத்தில் அவ்வாரத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றை ஒட்டவேண்டும். அச்செய்தியை விளக்கும் பொருளியல் விதியை வலப்பக்கத்தில் எழுதவேண்டும். திங்கட்கிழமை தோறும் அதை வகுப்பில் வாசிக்கவேண்டும். இது அவர் வகுத்த ஒழுங்கு. "விதியை மட்டும் எழுதிறவர் கிளி. செய்தியை மட்டும் ஒட்டுறவர் பேப்பர் விக்கிறவர். நீங்கள் ரெண்டும் இல்லை எண்டு எனக்குக் காட்டுங்கோ" என்பார்.

வகுப்பிலிருந்த பதினொருவருள் தாஸிமின் கொப்பியே மிகத் தடித்தது. அதிலும் பாதிக்கு மேல் இறப்பர்ச் செய்திகளே. அவனுடைய தமக்கை றம்லத்துக்கு, காலமான அவளுடைய கணவர் அலவத்துகொடையில் மூன்று ஏக்கர் இறப்பர்க் காணி விட்டுச் சென்றிருந்தார். பெற்றோரில்லாத தாஸிமை வளர்த்ததும், பஸ் கட்டணமும் கல்லூரிக் கட்டணமுங் கொடுத்துப் படிக்க வைத்ததும் அக்காணியே எனலாம். அதிலும் விந்தை யாதெனில், அம்மரங்களில் ஒரு கத்திக்கீறலேனும் விழுந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டன.

உலகில் இறப்பர் மிகுந்து அதன் விலை வீழ்ந்தமையால், இன்ன அளவுக்கு மேல் ஏற்றுமதி செய்வதில்லை என்று இறப்பர் விளையும் நாடுகள் 1934இல் உடன்பட்டிருந்தன. அதன்படி, இலங்கையில் ஒவ்வொரு காணிக்காரருக்கும் அவரவர் காணிக்கு ஏற்பக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. கூப்பன் இல்லாத இறப்பர் கப்பலேறாது. பெருந்தோட்டங்களில் இறப்பர் குவிந்து கிடந்தது, கூப்பன் போதவில்லை. எனவே சிறு காணிக்காரர் பலர் பால் வெட்டும் தொல்லையின்றிக் கூப்பனை மட்டும் விற்றுப் பிழைத்தனர். அக்குறணையில் கூப்பன் வாங்கியவர் மக்கீன் முதலாளி. பள்ளிவாசலுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடையின் பலகைக்கதவில் அன்றைய கூப்பன் விலையைச் சோக்கட்டியால் எழுதுவார். வாங்கியவற்றை மறுநாட் காலை இரயிலிற் கொழும்புக்குக் கொண்டு செல்வார்.

முந்திய ஆண்டில் இருமுறை, "இப்போது விற்க வேண்டாம், இலண்டனில் இறப்பர் ஏறுகிறது" என்று தாஸிம் தமக்கைக்குச் சொல்லியிருந்தான். இருமுறையும் இறப்பரும் ஏறிற்று, கூப்பனும் ஏறிற்று. இச்செய்தி வேலி தாண்டிச் சென்றது. 1937ஆம் ஆண்டு பிறந்தபோது, றம்லத்தைத் தவிர வேறு ஏழு வீட்டார், தாஸிம் தலையசைத்தாலன்றிக் கூப்பனை அலுமாரியிலிருந்து வெளியே எடுப்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டனர்.

ஜனவரியில் மக்கீனின் பலகை, இறாத்தலுக்குப் பதினெட்டுச் சதம் என்றது. இலண்டனில் இறப்பர் விலை நாளுக்கு நாள் உயர்ந்து கொண்டிருந்தது. "பொறுங்கள்" என்றான் தாஸிம். எட்டு வீட்டாரும் பொறுத்தனர். பெப்ரவரி நடுவில் இலண்டன் விலை மேலும் ஏறிற்று. பலகையோ பதின்மூன்று என்றது. "இது நில்லாது, இறப்பர் ஏறினாற் கூப்பனும் ஏறியே தீரும்" என்றான். மார்ச் ஐந்தாந் திகதி பலகை ஒன்பது என்றது. பன்னிரண்டாந் திகதி ஆறாயிற்று.

அன்று ஜும்ஆ கலைந்ததும் கடைவாசலிற் கூட்டம் கூடிற்று. மாட்டுவண்டி ஓட்டுபவரும், அந்த ஏழு வீட்டாருள் ஒருவருமான பளீல் முன்னே நின்றார்.

"என்ன முதலாளி, லண்டன்ல றப்பர் வானத்துக்கு ஏறுது, ஒங்கட பலகைல மட்டும் கெணத்துக்கு எறங்குது? சோக்கட்டி மழைல கரைஞ்சா?"

"கொழும்புல தாற வெலைல எனக்கு ஒரு சதம்தான் பளீல். அதையும் வேணுமென்டா நீயே எடுத்துக்கோ. நாளைக்கு நீயே கோச்சில போய் வித்துட்டு வா."

"எங்கட தாஸிம் பேப்பர் படிச்சிட்டு செல்லுறான். நீங்க பேப்பர்ல சீனி சுத்தி விக்கிற ஆள்."

கூட்டம் சிரித்தது. மக்கீன் சிரிக்கவில்லை, தாஸிமைப் பார்த்தார். "மகன், நீங்க செல்லுங்க. ஒங்கட பேப்பர் என்ன செல்லுது?"

"றப்பர் ஏறித்தான் ஈக்குது முதலாளி. புதன்கிழமை வெலை அது" என்றான் தாஸிம்.

அவன் சொன்னது உண்மையே. அவ்வுண்மையே கூட்டத்தைக் கிளப்பப் போதுமாயிருந்தது. யாரோ ஒருவர் ஈரக்கையால் பலகையிலிருந்த ஆறை அழித்தார். மக்கீன் கொழும்பு வியாபாரிகளோடு கூட்டுச் சேர்ந்து ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறார் என்ற பேச்சு பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னரே ஊர் முழுதும் பரவிற்று. எட்டு வீட்டாரும் அவருக்குக் கூப்பன் விற்பதில்லை என்று முடிவு செய்தனர். மறுநாள் முதல் அவரிடம் சீனி வாங்குவதையும் நிறுத்தினர்.

ஞாயிறன்று தாஸிம் தன் கொப்பியின் இடப்பக்கத்தில் இலண்டன் இறப்பர் விலைப்பட்டியலை ஒட்டினான். வலப்பக்கத்தில், வாங்குவோர் தமக்குட் கூட்டுச் சேர்ந்து விலையை வீழ்த்தும் முறை பற்றிப் புத்தகத்திலிருந்த விதியை எழுதி, அதன் கீழே, "ஊர் வியாபாரி ஒருவரின் செயல் இதற்குத் தக்க உதாரணமாகும்" என்று முடித்தான். முத்து முத்தான எழுத்தில் ஒரு முழுப் பக்கம்.

திங்கட்கிழமை அவன் அதை வாசித்து முடித்தபோது, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. சிரித்தவன் தியாகராஜா. நகரசபையில் எழுதுவினைஞராயிருந்த ஒருவரின் மகன். பேசும் படங்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"என்ன சிரிப்பு? எழும்பிச் சொல்லும்" என்றார் சண்முகநாதன்.

"இல்ல சார், தாஸிம் றப்பர் வெலைய ஒட்டியிருக்கான், கூப்பன் வெலையப் பத்தி எழுதியிருக்கான். ரெண்டும் வேற சரக்கு சார்."

"ரெண்டும் ஒண்டாத்தானே ஏறினது?" என்றான் தாஸிம். "போன வருசம் ரெண்டு தரம் பாத்தன்."

"டேய், பொங்கலுக்கு வந்த படத்துக்கு நான் கேலரி டிக்கட் ரெண்டு வாங்கி, ஒண்ண ரெட்டை வெலைக்கு வித்தேனே, ஞாபகம் இருக்கா?"

"உன்ட அப்பன் காதில விழப்போகுது" என்றான் முன்வரிசை வாங்கில் ஒருவன்.

"அடுத்த வாரம் படத்துக்குக் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. சரி, நாலு டிக்கட்டா வாங்குவோம்னு வாங்கினேன். கொட்டகைக்காரர் என்ன செஞ்சாரு? இன்னொரு காட்சி போட்டாரு, பின்னால நாப்பது கதிரையும் போட்டாரு. என் டிக்கட்ட ஒருத்தரும் சீண்டல. படம் மட்டமாப் போச்சா? இல்ல. நான் வித்தது படத்த இல்லடா. உள்ள போக எடம் இல்லாததத்தான் வித்தேன்."

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. தாஸிம் சிரிக்கவில்லை.

"ஓம், கொட்டகையில கதிரை போட்டது சரி. றப்பருக்கு ஆர் கதிரை போட்டது?" என்று கேட்ட சண்முகநாதன், கையை நீட்டித் தாஸிமின் கொப்பியை வாங்கி, பின்னோக்கிப் புரட்டினார். பெப்ரவரி முதல் வாரத்துப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. அதைத் திறந்தபடியே திருப்பிக் கொடுத்தார். "இதையும் நீர்தான் ஒட்டினீர். வாசியும் பாப்பம்."

இடப்பக்கத்தில் நான்கே வரியிலொரு செய்தி ஒட்டப்பட்டிருந்தது. இறப்பர் விலை மிக உயர்ந்துவிட்டமையால், ஒவ்வொரு நாடும் ஏற்றுமதி செய்யக்கூடிய அளவை இனிவரும் மாதங்களில் மேலும் கூட்டக்கூடும் என்பதே அச்செய்தி. தாஸிம் தன் கையாலேயே வெட்டித் தன் பசையாலேயே ஒட்டியது. வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த வாரம் அதற்குப் பொருத்தமான விதி அகப்படவில்லை என்று, தேயிலை பற்றிய வேறொரு செய்தியை அவன் வகுப்பில் வாசித்திருந்தான்.

அவன் நின்றபடியே அந்நான்கு வரிகளையும் வாசித்தான். வாசிக்கும்போதே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விலை ஏறினமையாலேதான் ஏற்றுமதி அளவு கூட்டப்படுகிறது. அளவு கூடினால் தோட்டங்களுக்கு வேண்டிய கூப்பன் அவற்றுக்கே கிடைத்துவிடும். அக்குறணைக் கூப்பனை நாடுவார் இலர். முந்திய ஆண்டில் இறப்பரும் கூப்பனும் ஒன்றாக ஏறியது, கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தமையால். இப்போது அது தளர்கிறது. மக்கீனின் பலகை பொய் சொல்லவில்லை. இறப்பர் எவ்வளவுக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்கு அந்தப் பலகை இறங்கும்.

"வலப்பக்கத்தை இண்டைக்கு எழுதும்" என்றார் சண்முகநாதன். அவருக்கு அது ஒரு பாடம், அவ்வளவே. அடுத்தவனை வாசிக்கச் சொன்னார்.

மாலை பஸ்ஸில் தாஸிம் திகதிகளை எண்ணிப் பார்த்தான். கையிலிருந்த கூப்பன்கள் மார்ச் முப்பத்தோராந் திகதி வரையே செல்லும். அதன்பின் அவை வெறுங்காகிதம். இடையில் வெள்ளிக்கிழமைகள் இரண்டே. அவற்றுள் இரண்டாவது கிறிஸ்தவரின் பெரிய வெள்ளி. அன்றும் அடுத்த சில நாட்களும் விடுமுறைக்காகக் கொழும்பிற் கந்தோர்கள் மூடியிருக்கும். ஆகவே, உண்மையில் எஞ்சியிருந்தது ஒரேயொரு வெள்ளிதான். அன்று எட்டு வீட்டாரும் மக்கீனிடம் விற்காவிடின், ஆறு சதமுமில்லை. அவரிடம் விற்பதில்லை என்று அவர்கள் தீர்மானித்ததோ தாஸிமின் பேச்சை நம்பி.

வீட்டு முற்றத்தில் றம்லத் பாய் விரித்துச் சாதிக்காய் உலர்த்தி, வெயில் இறங்கவே அவற்றைக் கூடையில் அள்ளிக் கொண்டிருந்தாள். தாஸிம் பையை இறக்கிவைத்துவிட்டு அவளருகே குந்தினான்.

"ராத்தா, மக்கீன் முதலாளி களவெடுக்கல்ல."

"யாரு செல்லின?"

"என்ட கொப்பி. நான்தான் பிழையா வெளங்கிட்டேன். லண்டன்ல ஏறுறது றப்பர். எங்கட கையில ஈக்குறது கூப்பன். அது இனி ஏறாது, இன்னமும் எறங்கும்."

றம்லத்தின் கை கூடைமேல் நின்றது. பின்பு, "ஜனவரில வித்திருந்தா மூணு மடங்கு" என்றாள்.

"ஓம் ராத்தா."

"ஒன்ட லண்டன் சோதனைக் காசு?"

"ஆறு சதத்துக்கு வித்தா சோதனைக் காசு கட்டலாம். அரிசிக்குத்தான் கொஞ்சம் இறுக்கம்."

"அப்ப நான் வெள்ளிக்கெழம அஸருக்குப் பொறகு, சந்தடி இல்லாத நேரம் போய் மக்கீன் நானாட பொஞ்சாதிட கையில குடுத்துடறேன். ஒருத்தருக்கும் தெரிய வராது."

"மத்த ஏழு வீடு?"

"அவங்களும் எப்பிடியாச்சும் விப்பாங்கதானே."

"விக்க மாட்டாங்க. அவர் கள்ளனென்டு நெனச்சிட்டு ஈக்குறாங்க. நான் தலையாட்டும் வரைக்கும் வெச்சிட்டு ஈப்பாங்க."

றம்லத் கூடையைத் தள்ளி வைத்தாள். "தாஸிம், ஊருல ஒனக்கு ஒரு பேரு ஈக்குது. கண்டில பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளையென்டு. நாலு பேருட முன்னுக்கு நின்டு, நான் பிழையா செல்லிட்டேனென்டு செல்லுவியா? பளீல் நானாட வாயும் ஒனக்குத் தெரியும். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சாலும் அவர் சிரிச்சி முடிக்க மாட்டார்."

"தெரியும்."

"மக்கீன் நானா?"

"அவருக்கிட்ட நாளைக்கே போறேன். அன்டைக்கு அவர் எனக்கிட்ட கேட்டாரு, பேப்பர் என்ன செல்லுதென்டு. நான் பாதிதான் செல்லின."

றம்லத் எழுந்து பாயைச் சுருட்டினாள். தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பின்னர், உள்ளே சென்று அலுமாரியைத் திறந்து, துணியிற் சுற்றிய கூப்பன் கட்டைக் கொண்டுவந்து அவன் கையிற் கொடுத்தாள். "என்டத முதல்ல குடு. மத்தவங்க பாக்கட்டும்" என்றாள்.

தாஸிம் கட்டைக் கொப்பிக்குள் வைத்து மூடினான்.

"வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சதும் அவர்ட கடை வாசல்ல நின்டு நானே செல்லுறேன் ராத்தா" என்றான். "பலகைல ஈக்குற வெலை சரி, பிழை என்ட கணக்குலதானென்டு."