தங்கக்கரண்டி போட்ட ஐந்து நட்சத்திரம்

ஜூலை 11, வெள்ளி, மாலை.
இன்று ஒரு சிறு தவறு. காலையில் ஒருவர் காசு கட்டிக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்போது, "மண் உலர்ந்தது, மேற்பரப்பில் வெடிப்பு இல்லை எனக் கொள்க" என்று நானாகவே சேர்த்துவிட்டேன். கேட்டவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டும். விடை சரிதான். ஆனாலும் குறித்து வைக்கிறேன்.

டைரியை மூடியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. அவள் சுபாவமே அப்படி. பால் தீய்ந்தாலும் குறித்து வைப்பாள், பஸ்ஸைத் தவறவிட்டாலும் குறித்து வைப்பாள். "நீ டைரி எழுதலடி, உன்மேல நீயே போலீஸ்ல புகார் எழுதற" என்பாள் அக்கா.

மாலைக் கல்லூரியில் அவள் மண் பொறியியல் ஆசிரியை. வேலை தற்காலிகம்; இந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த பருவம் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. அந்த இல்லைக்குப் பயந்துதான் படித்த படிப்பை இணையத்தில் விற்கக் கிளம்பினாள். முதலில் ஓர் இணையதளத்தில் பாடங்களைப் பதிவு செய்து போட்டாள். அக்காவின் துணி அலமாரியை அகலத் திறந்து வைத்து, அதன் முன் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசுவாள். தொங்குகிற துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். பாடங்கள் ஆமை வேகத்தில் விற்றன. பிறகு வெள்ளிக்கிழமை தோறும் இலவச நேரலை வகுப்பு. அதைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் காசு கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அதுதான் ஓடியது. வந்த கேள்விக்கு அரை மணிக்குள் பதில் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மின்னல் படம் விழும். மின்னல் இருக்கிறவர்களைத் தேடித்தான் அடுத்த கேள்வி வரும். கேட்டவரிடமே திரும்ப விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தால் மின்னல் போய்விடும்.

காலையில் அவள் திருப்பிக் கேட்காததற்குக் காரணம் அந்த மின்னல்தான்.

வெளியே தூறல் போட்டது. அக்கா பால்கனியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு ஓடி வந்தாள். கட்டில்மேல் போட்டுவிட்டு, மடிக்கிற சாக்கில் தங்கையின் போனை எடுத்துப் பார்த்தாள். கேள்வி கேட்டவர்கள் பதிலுக்குப் போடும் நட்சத்திரங்களைப் பார்ப்பது அக்காவுக்கு ராசிபலன் பார்ப்பது மாதிரி.

"ஏ மண்ணாங்கட்டி, உனக்கு அஞ்சு நட்சத்திரம் விழுந்திருக்குடி!"

"யாரு போட்டாங்கக்கா?"

"தங்கக்கரண்டியாம். பேரைப் பாரேன், சமையல்காரரா?"

"கொத்து வேலை செய்யறவங்க கரண்டியா இருக்கும். காலைல கேட்டவரு. நான் யாரோ மாணவர்னு நெனச்சேன்."

"பாராட்டுகூட எழுதியிருக்காரு, கேளு. 'தெளிவான பதில். நிக்கும்னு மேடமே சொல்லிட்டாங்க. அதனால முட்டுக் கொடுத்திருந்த கட்டையெல்லாம் எடுத்தாச்சு. இப்பத்தான் குழிக்குள்ள கையக் கால நீட்டி வேலை பார்க்க முடியுது. ரொம்ப நன்றி.' அடேங்கப்பா! ஏன்டி, என்ன ஆச்சு? மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

அவள் போனைப் பிடுங்கினாள். காலைக் கேள்வியைத் திறந்தாள். களிமண். செங்குத்தாக வெட்டிய ஆழம் மூன்று மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். எழுபத்திரண்டு! எந்தப் பாடப்புத்தகம் எழுபத்திரண்டு சென்டிமீட்டர் கேட்கும்? புத்தகத்துக் குழிகளெல்லாம் நாலு மீட்டர், ஐந்து மீட்டர். காலையில் இந்த எண்ணைப் பார்த்து, யாரோ அக்கறையான ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம் என்று மனதுக்குள் மெச்சக்கூடச் செய்தாள். அது யாரோ நாடா பிடித்து அளந்த எண். உள்ளே ஆட்கள் நிற்கிற குழி.

"களிமண்ணை நேரா வெட்டினா ஓரளவுக்குத் தானா நிக்கும்கா. இந்த மண்ணு நாலரை மீட்டர் வரைக்கும் நிக்கும்னு சொன்னேன்."

"அவரு நாலு மீட்டர்கூட வெட்டலியே. அப்ப நிக்கும்ல?"

"மேல வெடிப்பு விட்டுச்சுன்னா மூணு மீட்டர்கூட நிக்காது. அந்த வெடிப்புல மழைத் தண்ணி எறங்கிச்சுன்னா, உள்ள இருந்து தள்ளிவிடும். வெடிப்பு இல்ல, தண்ணி இல்லன்னு நானே வச்சுக்கிட்டேன். எல்லாக் கணக்கிலயும் வச்சுக்கறது வழக்கம்கா. கை தானா எழுதிடுச்சு."

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். தூறல் மழையாகியிருந்தது. அங்கேயும் பெய்கிறதா? அங்கே என்றால் எங்கே? அந்தத் தளம் யாருடைய ஊரையும் காட்டாது, போன் எண்ணையும் காட்டாது.

'குழியில் இறங்க வேண்டாம்' என்று பதிலின் கீழே அடித்து அனுப்பினாள். திரும்பி வந்தது. நட்சத்திரம் போட்டதும் கேள்வி மூடிவிடும். அவர் மறுபடி கட்டணம் கட்டினால்தான் திறக்கும். உதவிப் பகுதிக்கு எழுதினாள். 'உங்கள் நேரம் எங்களுக்கு முக்கியம். இரண்டு வேலை நாட்களில் தொடர்பு கொள்வோம்' என்று இயந்திரம் பதில் போட்டது.

"ரெண்டு நாளா? பதினாறும் முடிச்சிருவாங்க போல" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் அறைக்குள் இரண்டு முறை நடந்தாள். பிறகு அலமாரிக் கதவுகளைத் திறந்தாள்.

"இப்ப என்னடி பாடம்?"

"வெள்ளிக்கிழமைதானே. நேரலை போட்டா, எனக்கு நட்சத்திரம் போட்ட எல்லார் போன்லயும் மணி அடிக்கும். அவருக்கும் அடிக்கும். தலைப்பைப் பார்த்தா வருவாரு."

"வந்து?"

"என் நம்பரைச் சொல்லிடுவேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். நேரலையில் போன் எண் சொன்னால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். போன மாதம் அவர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு வாத்தியாருக்கு அப்படித்தான் ஆயிற்று. போட்ட பாடங்களெல்லாம் அவர் கண்ணுக்கே தெரியாமல் போயின.

"இத்தனை மாசம் இந்த அலமாரிக்குள்ள மூச்சுத் திணறப் பேசினியேடி" என்றாள் அக்கா. பிறகு தானே எழுந்து போய் விளக்கைத் திருப்பிப் பிடித்தாள். "சரி, ஆரம்பி. முடியை ஒதுக்கிக்கோ."

தலைப்பு: 'தங்கக்கரண்டி, குழியிலிருந்து ஆட்களை வெளியே எடுங்கள்.'

முதலில் நாலைந்து பேர், பிறகு முப்பது பேர் வந்தார்கள். காலையில் தான் கொடுத்த பதில் தவறு என்றாள். அது வெடிப்பில்லாத, நனையாத மண்ணுக்கான பதில், உண்மையான குழிக்கு அது பொருந்தாது என்றாள். போன் எண்ணை இரண்டு முறை சொன்னாள். பக்கத்தில் கருத்துகள் ஓடின.

'அப்ப போன வாரம் எனக்குச் சொன்னதும் தப்பா மேடம்?'

'காசு வாபஸ் உண்டா?'

'இது புது மாதிரி விளம்பரமா? சூப்பர்.'

மூன்றாவது முறை எண்ணைச் சொல்லும்போது திரை வெளுத்தது. 'விதிமீறல். உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.' முக்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே அக்காவின் துணிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"மேடம், நாளைக்குப் பரீட்சை. அந்த அழுத்தக் கணக்கை ஒருவாட்டி..."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. யாரோ சிரித்துவிட்டு வைத்தார்கள். அக்கா அந்த எண்ணுக்கு வாய் நிறைய வாழ்த்துச் சொன்னாள். பிறகு போன் சும்மா கிடந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தானே குழிக்குள் நின்றால்? மணி அடித்தது காதில் விழாமல் போயிருந்தால்?

மூன்றாவதாக அடித்தபோது முதலில் கேட்டது மழையின் இரைச்சல்தான்.

"மண் டீச்சரா? நான் கரண்டி பேசறேன். மேஸ்திரி. என்னங்க இது, என் பேரைப் போட்டு ஊரைக் கூட்டிட்டீங்க?"

"அங்க மழை பெய்யுதா?"

"பெய்யுது. குழிக்கு மேல தகரம் போட்டிருக்கோம், கம்பி கட்டற வேலை ஓடுது."

"கீழ எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. ஒண்ணு என் மச்சான்."

"உடனே ஏறச் சொல்லுங்க."

"டீச்சர், காலைல நிக்கும்னீங்க. காசு வாங்கிக்கிட்டுச் சொன்னீங்க. சாயந்திரம் சும்மா கூப்பிட்டு விழும்ங்கறீங்க. நான் எதைத்தான் நம்பறது?"

நான் சொன்னதை நம்புங்கள் என்று சொல்ல அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"என்னை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்க. வெட்டின விளிம்புலேர்ந்து ஒரு அடி, ரெண்டு அடி தள்ளி, விளிம்புக்கு இணையா மண்ணுல கோடு ஏதாவது ஓடுதா? கிட்டப் போகாதீங்க, தள்ளி நின்னு பாருங்க."

சேற்றில் செருப்பு உறிஞ்சும் சத்தம். அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் நடை நின்றது.

"இருக்குங்க" என்றார் மேஸ்திரி. குரல் மாறியிருந்தது. "காலைல தலைமுடி கணக்கா இருந்துச்சு. காஞ்ச மண்ணுன்னா கோடு விடும்னு விட்டுட்டேன். இப்ப விரல் போகும்போல இருக்கு."

"தண்ணி அதுல எறங்குதா?"

"எங்க போகுதுன்னு தெரியல. ஆனா மேல தேங்கவே மாட்டேங்குது."

"ஏணி எந்தப் பக்கம்?"

"கோடு ஓடற பக்கம்தாங்க."

"அதுல ஏற விடாதீங்க. எதிர்ப்பக்கம் மாத்துங்க. சீக்கிரம்!"

"மச்சான்! டேய் மச்சான்! கம்பியைப் போட்டுட்டு எதிர்ப்பக்கம் போடா!"

கீழேயிருந்து ஒரு குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தது. "இன்னும் நாலு முடிச்சுத்தான் மாமா! முடிச்சுட்டே வந்துடறேன்!"

"முடிச்சாடா முக்கியம்? உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாதுடா! ஏறு!"

போன் எதிலோ வைக்கப்பட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தம், ஏணி கல்லில் உரசுகிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். ஒரு கனமான பொருள் விழுந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நெடுநேரம் யாரும் போனை எடுக்கவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அவள் கத்தியது இந்த அறைத் துணிகளுக்குள்ளேயே அடங்கிப் போயிற்று.

"ஏறிட்டாங்க" என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்க. "ரெண்டு பேரும் மேல. விழுந்தது கம்பிக்கட்டு."

அக்கா தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

"அப்பச் சரி" என்றாள் அவள். இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. "யாரும் மறுபடி எறங்க வேண்டாம், முட்டுக் கொடுக்கக்கூட வேண்டாம். அந்த வெடிப்பு மேல தார்ப்பாய் விரிக்கணும். எட்டிப் பிடிச்சு விரிங்க, மேல நிக்காதீங்க. அந்தப் பக்கம் யாரும் நடக்காம கயிறு கட்டுங்க."

"நாளைக்குக் காலைல கான்கிரீட் வண்டி வருது டீச்சர்."

"வேண்டாம்னு சொல்லுங்க."

"லேசாச் சொல்லிட்டீங்க." என்றார் மேஸ்திரி. "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. உண்மையிலேயே விழுமா?"

"தெரியாது" என்றாள். "விழலாம். நிக்கவும் செய்யலாம். நிக்கும்னு இனிமே என்னால சொல்ல முடியாது."

"அப்படின்னா நாளைக்கு நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. நாடித்துடிப்பைப் போன்ல பாக்கற வைத்தியம் எனக்கு வேண்டாம். ரயில்ல வாங்க. ஸ்டேஷன்ல ஆள் நிக்கும்."

இடத்தைச் சொல்லிவிட்டு வைத்தார். ரயிலில் போனால் இரண்டு மணி நேரம்.

மாலை வகுப்புக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, கரும்பலகையில் அன்றைய கணக்கை எழுதத் தொடங்கினாள். ஒரு தாங்குசுவர், பின்னால் மண், உயரம் ஐந்து மீட்டர். 'மண் உலர்ந்தது' வரை எழுதியதும் சாக்பீஸ் நின்றது. முன் வரிசையில் இருந்த பெயின்டர், பகலெல்லாம் சுவர் அடித்துவிட்டு வந்தவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எனக் கொள்கன்னு போட மறந்துட்டீங்க மேடம்."

"யார்கிட்ட கேட்டுட்டு அப்படிக் கொள்றது?" என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, சுவருக்குப் பின்னால் தண்ணீர் மட்டத்தை வரைந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு போனைப் பார்த்தாள். மேஸ்திரி ஒரு படம் அனுப்பியிருந்தார். நீலத் தார்ப்பாய், சுற்றிலும் கயிறு, கீழே இருட்டு. 'இன்னும் நிக்குது டீச்சர். மச்சான் சிரிக்கிறான். வண்டிக்காரன் சிரிக்கல.'

நிற்கிறது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே, அதற்கு அடியில் வேறொன்று எட்டிப் பார்த்தது: விழுந்திருந்தால் நன்றாயிருக்குமே. யாரும் இல்லாத நேரத்தில், ஓரமாகக் கொஞ்சம். அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். இழந்த இணையக் கணக்குக்கும் ஓர் அர்த்தம் இருக்கும். தன் நெஞ்சுக்குள் அப்படி ஓர் ஆசை இருந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த டைரியை எடுத்து மாலையில் எழுதிய பக்கத்தைத் திறந்தாள். 'விடை சரிதான்' என்ற இரண்டு சொற்களையும் அடித்தாள். 'சிறு' என்பதையும் அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

இரண்டு பேரும் மேலே வந்துவிட்டார்கள். கணக்கு மூடப்பட்டது. குழி இன்னும் நிற்கிறது. விழ வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன்.

நாளை: காலை முதல் ரயிலில் குழிக்குப் போவது. அளவு நாடா எடுத்துக்கொள்வது. அக்காவின் ரப்பர் பூட்ஸைக் கேட்டு வாங்குவது. கீழே இறங்காமல் மேலேயிருந்து வெடிப்பின் நீளத்தை அளப்பது.