டேங்கில் நாற்பத்தோரு புறாக்கள்

"மொட்ட மாடி டேங்குக்குள்ள நாற்பத்தோரு புறா செத்துக் கெடக்கு சார். அதுல ஒண்ணு சேவல் தண்டி இருக்கும்," என்றான் கார்மேகம். வளைகுடாவின் அஜ்மான் நகரில் அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்குக் காவல், கூட்டல், குப்பை எல்லாம் அவன்தான். கேட்டுக்கொண்டிருந்தவர் மேனேஜர் விஜயபாஸ்கர். ஏசிக்கு அடியில் உட்கார்ந்தபடியே உலகத்து நோய்களையெல்லாம் கண்டுபிடித்துவிடும் மேதை.

அவர் முன்னால் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தாள் மூன்றாம் மாடி அகிலா. மகள் ரக்ஷிதாவுக்கு ஒன்பது வயது. நான்கு மாதமாகப் பேதி நிற்கவில்லை. எடை பத்தொன்பது கிலோவைத் தாண்டவில்லை. இரண்டாம் வகுப்பில் எடுத்த யூனிஃபார்ம் நான்காம் வகுப்பிலும் இடுப்பில் நிற்காமல் நழுவியது. கட்டடத்தில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கும் இதே கதி. குடிக்கக் கேன் தண்ணீர்தான். பல் துலக்குவதும் பழம் கழுவுவதும் குழாய்த் தண்ணீரில். டாக்டர் கேட்ட பிறகுதான் அகிலாவுக்கு அது உறைத்தது. தண்ணீர் சரியாகாவிட்டால் மருந்து கொடுத்தும் பயனில்லை என்றார் அவர்.

விஜயபாஸ்கர் ஃபைலைத் திறந்து காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒன்றாக, டேங்க் கழுவியதற்குச் சான்றிதழ்கள், சீலோடு. கழுவ வந்தவர்கள் கீழே டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே போய் ஸ்டிக்கர் ஒட்டுவது கார்மேகத்தின் வேலை. மூடி உடைந்திருப்பதை மேனேஜரிடம் மூன்று தடவை சொல்லியும் பார்த்துவிட்டான்.

"சிப்ஸைக் கொறைங்க மேடம், மோர் குடுங்க. இவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு... ஒரு புறாகூட இருக்காது," என்றார் விஜயபாஸ்கர்.

"வாங்கண்ணா, போய்ப் பாத்துருவோம்," என்று எழுந்தாள் அகிலா.

மொட்டை மாடியில் கார்மேகம் டேங்குக்குள் வாளியை விட்டுத் துழாவினான். வந்தவை மூன்று புறாக்கள், ஒரு வாளி இறகு, கறுப்புச் சகதி. மிச்சமெல்லாம் கரைந்திருக்கும் என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னான். அகிலா படமெடுத்து நகராட்சிக்கு அனுப்பினாள்.

மறுநாளே ஆட்கள் வந்து டேங்கை நிஜமாகவே கழுவினார்கள். அதற்கு மறுநாள் கார்மேகத்துக்கு ஒரு கடிதமும் ஊருக்கு டிக்கெட்டும் வந்தன. ஆங்கிலக் கடிதத்தை அகிலாவிடம் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே ரக்ஷிதா கேன் தண்ணீரில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

டேங்க் மூடியைக் கவனிக்காமல் விட்டு, புறாக்கள் விழுந்து அழுகவும் குழந்தைகள் நோயுறவும் காரணமான காவலாளி நீக்கப்படுகிறார் என்றிருந்தது. கீழே விஜயபாஸ்கரின் கையெழுத்து.

"எத்தனை புறான்னு போட்டுருக்காரு மேடம்?"

அகிலா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"நாற்பத்தொண்ணு."