ஒயர் ஒட்டாத தலை

மூளைப் பரிசோதனைக்கு இரவு முழுக்கத் தூங்காமல் வர வேண்டும், தலையில் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். வெர்லீன் இரண்டையும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தாள். எண்ணெய் படாமல் விரித்துவிட்டால் அவள் சுருட்டை முடி விடிவதற்குள் சிக்குப் பிடித்துக் கல்லாகிவிடும். அதனால் தங்கை டெனீஸ் தலை முழுக்க ஒட்டப் பின்னி, வகிடு வகிடாக மண்டைத் தோல் தெரியும்படி விட்டிருந்தாள். மெஷினின் ஒயரை ஒட்டத் தோல்தானே வேண்டும்?

மூன்று மாதமாக வெர்லீன் பள்ளிப் பேருந்தை ஓட்டவில்லை. இரண்டு முறை நினைவு தப்பி விழுந்திருந்தாள். வலிப்பேதான் என்று டெனீஸ் அடித்துச் சொன்னாள். டாக்டரோ, மனப் பதற்றம் என்றார். மூளைக்குள் நடப்பதை மெஷின் கோடு போட்டுக் காட்டினால்தான் நம்புவாராம். மருந்து, வேலை எல்லாம் அதற்கப்புறம்தான்.

மெஷின் அறையில் இருந்த கிரெட்சன் என்ற வெள்ளைக்காரப் பெண் இரண்டு விரலால் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

“அடடா, இந்த மாதிரி தலைக்கெல்லாம் ஒயர் வைக்க முடியாதுங்களே.”

“இந்த மாதிரின்னா எந்த மாதிரி?” என்றாள் டெனீஸ்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பின்னல் இருந்தா வைக்கக் கூடாதுன்னு ரூல். பிப்ரவரியில வேற தேதி தரேன்.”

“பிப்ரவரியா? இப்பதானேம்மா செப்டம்பர்!”

“பிரிச்சிட்டு வந்தா எடுப்பீங்களா?” என்று கேட்டாள் வெர்லீன்.

“அரை மணி நேரத்துல முடிச்சீங்கன்னா பார்க்கலாம்.”

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து டெனீஸ் பிரிக்க ஆரம்பித்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். என்னவோ கறுப்பர் தலையையே கண்டதில்லை போல! அக்கா தங்கை இருவரும் பிறந்து வளர்ந்ததே அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் இந்த ஊரில்தான்.

“மெதுவாடி, மண்டையையும் சேர்த்துப் பிடுங்கிடாத.”

“ஆறு மணி நேரம் பின்னினேன் அக்கா. அந்த மகராசி ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. தோல் பளிச்சுனு தெரியுது, கண்ணு எங்க வெச்சிருக்காளோ!”

வெர்லீன் சிரிக்கவில்லை. டெனீஸ் குனிந்து பார்த்தாள். அக்காவின் இடது கை விறைத்திருந்தது. கண்கள் மேலே செருகின. அடுத்த நொடி உடம்பு முழுக்க வெட்டி இழுக்க, வெர்லீன் பெஞ்சிலிருந்து சரிந்தாள்.

கிரெட்சன் ஓடி வந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், கடிகாரம் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். திறந்த கதவு வழியே மெஷின் தெரிந்தது. ஒயர்களெல்லாம் கொக்கியில் தொங்கின.

வெர்லீனுக்கு நினைவு திரும்பச் சில நிமிடங்கள் ஆயின. தரையில் கிடந்தபடியே நாக்குக் குழற, “வந்துச்சாடி?” என்றாள்.

“வந்துச்சு அக்கா.”

வெர்லீன் முகத்தில் மூன்று மாதத்தில் இல்லாத நிம்மதி.

“அப்பாடா! மெஷின்ல பதிஞ்சிருச்சுல்ல?”

டெனீஸ் கிரெட்சனைப் பார்த்தாள். கிரெட்சன் தரையைப் பார்த்தாள். பாதி பிரிந்த அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு டெனீஸ் அழுதாள்.