இரண்டு விரல் சாய்வு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு இலக்கிய நோக்கம் எதுவும் கிடையாது. இது ஒரு தூண்டில்.

ஆற்றுத் துறையில் கட்டியிருக்கும் ஒரு பழைய மோட்டார் படகின் கேபினுக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே, மூன்றடி தள்ளி, துறைப் பலகைமேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். ஆறு நாளாக* அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான் என் தேவை. கூப்பிட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், டீ போட்டு வாசம் காட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்தது கதை ஒன்றுதான். பாதியில் விட்ட கதையைத் தாங்கிக்கொள்ளும் சக்தி அவளுக்குக் கிடையாது.

எழுதி முடித்த ஒவ்வொரு தாளையும், நான் புதிதாகப் பொருத்திய சன்னல் வழியாக நீட்டுகிறேன். அவள் படித்து, பென்சிலால் ஓரத்தில் ஏதாவது எழுதி, திருப்பித் தருகிறாள். இந்தக் கதையில் அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் கைவரிசை. நான் அழிக்கவில்லை. அழித்தால் அடுத்த தாளை வாங்க மாட்டாள்.

(சன்னல் புதுசு இல்ல. பழைய கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டிருக்கார்.)

பார்த்தீர்களா?

* அவளைக் கேட்டால் ஐந்தரை என்பாள். முதல் நாள் பாதியில் எழுந்து போனது கணக்கில் வராதாம்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: “கடல் அன்று கட்டவிழ்ந்த காளையைப் போல—” கடலே கிடையாது. இந்த ஆறு காளை என்றால் அது படுத்து அசைபோடும் காளை.

இரண்டாவது: “அந்தப் படகை நான் முதன்முதலாகப் பார்த்தபோது—” பார்த்தது நானில்லை. அவள். மூன்று வருடத்துக்கு முன், படகுப் பட்டறை வேலிக்குள் தார்ப்பாய் மூடிக் கிடந்ததைப் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கினாள். ‘குதித்து’ என்பதில் மிகை இல்லை. வண்டி நிற்பதற்கு முன்பே தரையில் கால் வைத்துப் பழகியவள். “வாங்கிடுவோங்க. நீங்க ஆணி அடிங்க, நான் ஓட்டறேன்” என்றாள்.

மூன்றாவது: “போன வருடம் ஒரு காலையில் என் மனைவி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது குளியலறை சுற்றியது.”

உண்மையான தொடக்கம் இதுதான். ஆனால் இதை முதலில் வைத்தால் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வீர்கள். எனக்கோ சோகம் எழுத வராது. அதனால் இரண்டாம் பகுதியில், கும்பலோடு கும்பலாக உள்ளே தள்ளிவிட்டேன்.

காதுக்குள் ஏதோ சமநிலைக் கோளாறு. “ஆபத்து ஒண்ணும் இல்லம்மா. சுத்தல் முக்கால்வாசி போயிடுச்சு. இப்ப மிச்சம் இருக்கறது பயம். அதுக்கு மாத்திரை கிடையாது. நடங்க, ஏறுங்க, இறங்குங்க” என்றார் டாக்டர். கட்டிப்போட்ட படகில் உட்காரலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். பேருந்திலிருந்து குதித்தவள் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வாசற்படி இறங்க என் தோளைத் தேடுகிறாள்.

போதும். அடுத்த பகுதியில் குளவி வருகிறது.

3

நான் ஓய்வுபெற்ற ஓவர்சியர். முப்பத்தாறு வருடம் கட்டடம் பார்த்தவன். எனக்கு வேதம் ரசமட்டம்: கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ், அது நடுவில் நின்றால் மட்டம், நகர்ந்தால் கோணல். கல்யாணத்தன்றுகூட என் சட்டைப் பையில் ஒரு சின்ன ரசமட்டம் இருந்தது.

(சத்தியமா இருந்துச்சு. இந்தக் கதையில இது ஒண்ணுதான் பொய் இல்ல.)

படகைப் பட்டறையில் தாங்கிகள்மேல் நிறுத்தியிருந்தார்கள். கேபினுக்குள் போனேன். கூரைத் துணி கிழிந்து தொங்கியது. மெத்தைக்கு அடியிலிருந்த பிளைவுட் ரொட்டித் தூளாக உதிர்ந்தது. அதில் முளைத்த காளான் குடும்பம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்திருந்தது. அடுப்பு மேடைக்குக் கீழே நாற்பதாயிரம் குளவிகள்.

(பதினொண்ணு. அதுவும் செத்தது. தட்டுல வெச்சு என்கிட்டதான் கொண்டுவந்து காட்டினார்.)

ஏழு மாதம். பழைய பசையைச் சுரண்டியபோது நான் போட்ட தும்மலில் பக்கத்துப் படகு நகர்ந்தது. ஒழுகிய இடத்தைக் கண்டுபிடிக்க, மழையில் உள்ளே மல்லாந்து படுத்து வாயில் சொட்டு விழும்வரை காத்திருந்தேன். படகின் சுவர்கள் வளைந்தவை. எந்தப் பலகையும் நேராக வெட்டினால் உட்காராது. முதலில் அட்டையை வெட்டி, வைத்துப் பார்த்து, செதுக்கி, அந்த அளவுக்குத்தான் மரத்தை அறுக்க வேண்டும்.

கைப்பிடிகள் மட்டும் பதினாலு. கேபினில் எங்கே நின்று கையை நீட்டினாலும் ஒன்று அகப்படும். வீட்டில் அவள் சுவரைத் தொடுகிற உயரத்தை அவளுக்குத் தெரியாமல் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து, அதே உயரத்தில் அடித்தேன்.

(சுவத்துல அந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு மூணு மாசமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.)

4

இனி என் அவமானம். இதைச் சுருக்கமாக

வேண்டாம், விரிவாகவே எழுதுகிறேன். அவளுக்குப் பிடித்த பகுதி.

இருக்கையின் மெத்தை உறையும், முன்னால் தரைவரை தொங்கும் திரையும் அவள் வீட்டில் தைத்தவை. அட்டையில் அளவு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஏங்க, திரை உயரம் இந்த முனையில பதினாலு அங்குலம். அந்த முனையில ரெண்டு விரல் கம்மி. என்ன அளவு எடுத்தீங்க?”

“படகுன்னா அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?”

“அதானே, எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கோணலாகவே தைத்துக் கொடுத்தாள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று எஞ்சினைப் பார்க்க மெக்கானிக் வந்தார். பெரிய சரீரம். அவரை அசத்த வேண்டும் என்று மேசைமேல் டீக் குவளையை வைத்தேன். குவளை படகின் மூக்குப் பக்கமாக நடந்து போய்க் கீழே விழுந்தது.

மெக்கானிக் குனிந்து இருக்கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சார், பட்டறையில படகோட மூக்கைக் கொஞ்சம் தூக்கித்தான் நிறுத்துவாங்க. மழைத்தண்ணி பின்னால வடியணும்ல?”

“அதுக்கென்ன?”

“நீங்க ரசமட்டம் வெச்சு எல்லாத்தையும் பூமிக்கு மட்டமா அடிச்சுட்டீங்க. படகுக்கு மட்டமா அடிக்கல.”

வெளியே நாற்காலியில் ஒரு சிரிப்பு வெடித்தது. “ரெண்டு விரல்! நான் சொன்னேன்ல? ரெண்டு விரல்!” பதினாலு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. முப்பத்தாறு வருட மானம் போனது. அந்த விலைக்கு இன்னொரு படகைக்கூடக் கோணலாக அடித்துக் கொடுக்கலாம்.

மேசையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ் பின்பக்கமாக ஒதுங்கி நின்றது. மெக்கானிக் வெளியேறப் படகின் பின்புறத்துக்குப் போனார். ஸ்டீயரிங் அங்கேதான் இருக்கிறது, கேபின் வாசலுக்கு வெளியே. அவர் அங்கே நின்றதும் படகின் பின்புறம் தாழ்ந்து, குமிழ் மெதுவாக ஊர்ந்து நடுவுக்கு வந்தது. அவர் துறையில் இறங்கினார். குமிழ் பழைய இடத்துக்கே போய்விட்டது.

“ஒண்ணும் பிரிக்க வேணாம் சார். ஓட்டறதுக்கு ஒரு ஆள் நின்னா தானா மட்டமாயிடும்.”

நாற்காலியில் சிரிப்பு நின்றது.

5

முடிவுக்கும் மூன்று தாள்கள் எழுதி நீட்டினேன்.

முடிவு ஒன்று. அவள் ஏறுகிறாள். சாய்ந்த மேசையைப் பார்த்து, ‘சாய்ந்த உலகில் எனக்கு இதுதான் நேராகத் தெரிகிறது’ என்கிறாள்.

(சினிமா. நான் என்னிக்கு இப்படிப் பேசியிருக்கேன்?)

முடிவு இரண்டு. ஏறுகிறாள், தலை சுற்றுகிறது, விழப்போகிறாள், நான் புலிபோல் பாய்ந்து—

(உங்க இடுப்புக்குப் பாய்ச்சல் ஒண்ணுதான் குறைச்சல்.)

முடிவு மூன்று. அவள் ஏறவே இல்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் நான் மட்டும் வருகிறேன்.

இந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. பிறகு சன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏங்க. ஏறி, சுத்திச்சுன்னா?”

“உக்காந்துக்கோ.”

“உக்காந்தும் சுத்திச்சுன்னா?”

“கைப்பிடி இருக்கு. பதினாலு.”

“பதினாலும் எட்டலன்னா?”

“பதினஞ்சாவது நான். கொஞ்சம் ஆடும், பிடுங்கிக்கிட்டு வராது.”

தாள் மட்டும் உள்ளே வந்தது.

6

இதுதான் கடைசித் தாள். இதை நான் சன்னல் வழியாக நீட்டப் போவதில்லை. “முடிவு இங்க இருக்கு. வேணும்னா உள்ள வந்து படிச்சுக்கோ!” என்று கத்தியும் விட்டேன்.

“அழிச்சாட்டியம்” என்றாள்.

நாற்காலியின் கால் பலகையில் உரசியது.

நான் தலையை நிமிர்த்த மாட்டேன். நாற்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன்: யாராவது பார்த்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். பாட்டு, நடனம், சண்டைக்குப் பிறகு சமாதானம், எதையும் நான் பார்க்காதபோதுதான் செய்வாள். ஆகவே எழுதிக்கொண்டே இருக்கிறேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். பேனாவுக்குப் பக்கத்தில் ரசமட்டம். அதை மட்டும் ஓரக்கண்ணால்

அசைகிறது.

பதறாதீர்கள். ஆற்றில் இப்போதுதான் மலை போல மணல் ஏற்றிய படகு ஒன்று போனது. அதன் அலையாக இருக்கலாம். அலை என்றால் குமிழ் வந்த வழியே திரும்பிவிடும். ஆள் என்றால் நடுவில் நிற்கும். எது என்று நான் சொல்லப் போவதில்லை. நான் குனிந்திருக்கிறேன். தலை நிமிர்ந்து பார்க்க உங்களுக்குத் தடை இல்லை, நீங்களே பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். கை மட்டும் தட்டிவிடாதீர்கள்.

(மணல் படகு எதுவும் போகல.)