எண்ணெய் தடவாத எள்

அந்த மண்டியில் தரகரின் வாக்குக்கு விலை நூற்றுக்கு ஒரு ரூபாய் தரகு. அவர் “சரக்கு சுத்தம்” என்று சொல்லிவிட்டால் முப்பது வருடமாக யாரும் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்ததில்லை. இன்றைக்கு எண்ணெய் மில் முதலாளி கைவிட்டார். ஒரு பிடி எள்ளை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து, விரல்களை வெளிச்சத்தில் காட்டினார். வழவழவென்று மின்னின.

“எண்ணெய் தடவின எள்ளுங்க இது. மினுக்கி விக்கிற பழைய வேலை. உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல.”

எடை போடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யார் வீட்டுச் சரக்கோ, எனக்கென்ன தெரியும் என்று தரகர் கழன்றுகொண்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

“என் தங்கச்சி வெளைச்சது. தடவியிருந்தா இன்னையோட தரகை விட்டுடறேன்.”

சொன்ன பிறகுதான் அந்த உரம் ஞாபகத்துக்கு வந்தது. செடி பூத்த நாளில் தங்கை ஒரு சின்ன பாட்டிலோடு வயலில் நின்றபோது சிரித்தவர் அவர்தான். ‘நானோ’ துத்தநாக உரமாம். கண்ணுக்குத் தெரியாத அளவு துகளாம். தண்ணீரில் கலந்து இலையில் தெளித்தால் செடி உறிஞ்சிக்கொள்ளுமாம். “மூட்டை மூட்டையா கொட்டியே ஒண்ணும் தேறல. ஒரு ஏக்கருக்குக் கண்ணு சொட்டு மருந்தா?” என்று கேட்டிருந்தார்.

போன் போனது. தங்கை ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். அழவில்லை, சத்தியம் செய்யவில்லை.

“முதலாளி, அந்த எள்ளைச் சோப்புத் தண்ணியில கழுவுங்க, தடவின எண்ணெய்னா போயிடும். நல்லாக் காயவச்சு, எண்ணெய்ச் சத்து அளக்கிற உங்க மெஷின்லயே போட்டுப் பாருங்க. கூடவே இதையும் கழுவுங்க.”

“இதென்ன பை?”

“மருந்து தெளிக்காத எள்ளு. அண்ணன் சிரிச்சார்ல? அவர் வாயை அடைக்கத்தான் நாலு வரிசையைச் சும்மா விட்டு வச்சேன்.”

கழுவிய எள் முற்றத்து வெயிலில் காய்ந்தது. தரகர் அதைவிட அதிகமாகக் காய்ந்தார். மதியம் தாண்டி மெஷின் இரண்டு எண்களைச் சொன்னது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நூறு கிலோ எள்ளுக்கு மூணு கிலோ எண்ணெய் கூடுதல்! மணி அவ்வளவு முத்தியிருக்கு. நான் நசுக்கினதுல உள்ளேயிருந்தே கசிஞ்சிருக்குங்க. தப்பாப் பேசிட்டேன்.”

“என் தங்கச்சியாக்கும்!” தரகர் எடைக்காரரிடம் சொன்னார், சுமை தூக்குகிறவரிடம் சொன்னார், டீ கொண்டுவந்தவரை நிறுத்தி வைத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் நெஞ்சு முன்னால் வந்துகொண்டே இருந்தது.

“உன்கிட்ட நான் தரகு வாங்க மாட்டேம்மா.”

“வாங்கிக்க அண்ணே. அந்தக் காசுல சொட்டு மருந்து வாங்கி விட்டுக்க. பார்வை கோளாறு உனக்குத்தான்.”

மண்டியே சிரித்தது. முதலாளி கரும்பலகையில் எழுதினார்: தெளிக்காதது, 46. தெளித்தது, 49. தங்கை பேரில் வரவு, 3.

தரகர் சாக்குக்கட்டியை வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தார்: அண்ணன் சிரித்த சிரிப்பு ஒன்று, பாக்கி.