பார்த்தவர் கையெழுத்து

தையல்காரியின் கணவருக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் ரேடியோ. காலையில் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடிப்போனால் மதியத்துக்குள் தெருமுனைவரை தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட வாய்க்கு வேலை கிடைத்த இடம் துப்பாக்கி உரிமப் பதிவறை. யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, எந்த வீட்டில் இருக்கிறது என்று ஆளுக்கொரு அட்டை போட்டு வைத்திருக்கும் அறை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

அதனாலேயே அவள் ஒரே ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு முன், அவள் கல்யாணத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, அவளுடைய அக்கா தன் புருஷனின் அடி தாங்காமல் ஓடிப்போய் வேறொரு ஊரில் ஒளிந்தாள். கண்டுபிடித்தால் உயிரோடு விடமாட்டேன் என்று அந்த மனுஷன் ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தங்கை தன் பெயரில் உரிமம் வாங்கி ஒரு கைத்துப்பாக்கியை அக்காவின் கையில் கொடுத்தாள். ‘ஆயுதம் இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் அக்காவின் முகவரியை எழுத வேண்டியிருந்தது. மற்ற எல்லாரிடமும், பிறகு வந்த ரேடியோவிடமும், அக்கா கடல் கடந்து போய்விட்டாள் என்று சொல்லி வைத்தாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன் அவருக்கு அந்த அறைக்கு மாற்றல் வந்தபோது அவள் பயந்துபோனாள். அட்டையில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தைய பெயர்தான், ஆனால் அதில் ஒட்டியிருந்த புகைப்படம் அவள் முகமாயிற்றே. ஒரு மாதம் அவரையே கவனித்தாள். அவரோ மேலதிகாரியின் டோப்பாவையும் ஓடாத மின்விசிறியையும் பற்றித்தான் பேசினார். கண்ணில் படவில்லை என்று மூச்சு விட்டாள்.

போன வாரம் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அட்டைகள் எல்லாம் கணினிக்குப் போகின்றன, எந்த அரசு அலுவலகத்திலிருந்தும் பார்க்கலாம், முகவரியை மறைக்க விரும்புகிறவர்கள் நேரில் வரலாம். அக்கா புருஷனின் தம்பி ஓர் அரசு அலுவலகத்தில் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குத் தூக்கம் போயிற்று. ரேடியோ பல் பிடுங்க விடுப்பு எடுத்த நாளில் புறப்பட்டுப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டாள். தரையிலிருந்து கூரைவரை இரும்பு இழுப்பறைகள். ஊரார் வெளியில் சொல்லாத பயமெல்லாம் இங்கே அட்டையாக அடுக்கியிருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. எழுத்தர் பெண் அவள் அட்டையை எடுத்து, பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு, முகவரியின்மேல் சிவப்புத் தாள் ஒட்டி முத்திரை குத்தினாள்.

“இனிமே கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் பார்க்க முடியாதும்மா. பின்னாடி ஒரு சீட்டு இருக்கு, பாருங்க. அட்டையை யார் படிச்சாலும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்களுதை ஒரே ஒருத்தர்தான் படிச்சிருக்கார்.”

அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? தேதி, ரேடியோ இங்கே வேலைக்கு வந்த இரண்டாம் நாள். ‘தெருவாரியாக அடுக்கும்போது கண்ணில் பட்டது. முழுவதும் படித்துவிட்டேன். அலுவல் தேவை இல்லை.’

“எழுதாமலே விட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் எழுத்தர் பெண். “அவர் அப்படித்தான். அட்டையில இருக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை வராது. நாங்க ஊமைன்னுதான் கூப்பிடுவோம்.”

தையல்காரி அந்தத் தேதியை மறுபடி படித்தாள். பதினான்கு வருடங்கள். உங்க வாயில எதுதான் தங்கும் என்று எத்தனை சண்டையில் ஏசியிருப்பாள். ஒரு தடவைகூட அவர் வாய் தவறவில்லை.

அப்போதுதான் அந்தக் கல்யாண வீடு நினைவுக்கு வந்தது. மூன்று வருடங்களுக்கு முன், அக்கா புருஷனையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு ரேடியோ அளந்தார். “அங்க பனி முழங்கால் வரைக்கும் கொட்டுதாம். மச்சினிச்சி கோட்டு மேல கோட்டு போட்டுக்கிட்டுத்தான் வெளிய போறாங்களாம்.” பனியைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. வழக்கம்போலக் கயிறு திரிக்கிறார் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மனுஷனோ முகம் தொங்கிப்போய் எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் தேடுவதை விட்டுவிட்டான் என்று கேள்வி. ரேடியோ சொன்னால் நம்பாதவர் யார்? அந்த வாய் எதையாவது மறைக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகையும் பிரமிப்பும் மாறி மாறி வந்தன. இத்தனை வருடங்களாகத் தான் யாருடன் குடித்தனம் நடத்தினோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது.

அவர் வீங்கிய கன்னத்தோடு, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“என்னங்க, அக்கா இருக்கிற ஊர்ல இப்ப பனி எப்படி?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் பெருவிரலில் இருந்த மையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தியாம். இனிமே அந்தப் பக்கம் யாரும் போகவே முடியாதாம்.”